அன்பளிப்புக் கதிரை

என் கடையில் எப்போதும் மை கரைக்கும் தின்னர் வாசம் இருக்கும். பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன அறை அது. கதவைத் திறந்தால் பனி உள்ளே வரும், மூடினால் தின்னர் தலைக்கு ஏறும். அதனால் பாதி திறந்து வைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இருப்பவளைப் போலவே என் வேலை நாட்களைக் கழித்து வருகிறேன். பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகில் பெயர் அச்சடிப்பது என் தொழில். துணி இழுத்துக் கட்டிய சட்டத்தைக் கதிரையின் முதுகில் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கினால் பெயர் வந்திருக்கும்.

கோயில் பெயர், மரண உதவிச் சங்கத்தின் பெயர், வாடகைக்குக் கதிரை விடுபவர்களின் பெயர் எல்லாம் வரும். ஆனால் எனக்குச் சோறு போடுபவை அரசியல்வாதிகளின் பெயர்கள்தான். மேலே பெயர், அதற்குக் கீழே 'அன்பளிப்பு'. தோற்றுப்போனவரின் கதிரைகள் சில சமயம் திரும்பி வரும். தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தால் பெயர் போய்விடும். 'அன்பளிப்பு' என்ற சொல்லை மட்டும் துடைக்க வேண்டாம் என்பார்கள். யார் ஜெயித்தாலும் அது தேவைப்படும்.

முன்னால் இருக்கும் ஹார்ட்வெயார் முதலாளி நல்ல மனிதர். வாடகை பிந்தினால் முகம் சுளிக்க மாட்டார். தேர்தல் வந்துவிட்டால் அவருடைய கடையிலிருந்து சாமான்கள் சத்தமில்லாமல் கிளம்பும். ஒரு கட்சிக்கு பெயின்ட் வாளி, இன்னொன்றுக்குக் கூடாரச் சீலை, மூன்றாவதுக்கு வான் ஓட டீசல் காசு.

"எல்லாருக்குமா குடுக்குறீங்க முதலாளி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஜெயிக்கிறது யாருன்னு தெரிஞ்சா ஒருத்தருக்கு மட்டும் குடுத்திருப்பேனே தங்கச்சி. தெரியாததுக்குத்தான் இந்தச் செலவு" என்றார். சொல்லிவிட்டுக் கையில் இருந்த இஞ்சி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

தேர்தல் முடிந்து சில மாதங்களில் ஜெயித்தவருக்குத் தொகுதி வேலைக்கென்று அரசாங்கப் பணம் ஒதுக்கப்படும். அந்தப் பணத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குக் கதிரையும் கூரைத் தகரமும் வாங்குவார்கள். முதலாளியிடம்தான் வாங்குவார்கள். கதிரைகள் பின்பக்கமாக என் அறைக்கு வரும், நான் பெயரடிப்பேன், லொறி ஏறும். தோட்டத்தில் மாலையோடு காத்திருப்பார்கள். ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் என் அக்கா, பால்மா பாக்கெட்டிலும் சவுக்காரத்திலும் ஃபோன் ரீலோடிலும் கட்டிய வரி அதில் இருக்கிறது. அவளுடைய காசில் வாங்கிய கதிரையை அவளுக்கே அன்பளிப்பாகக் கொடுத்து, அதற்கு மாலையும் அவளிடமே வாங்கிக்கொள்வார்கள். நடுவில் பெயர் எழுதிக் கொடுப்பவள் நான். எனக்கு இதில் ஆத்திரம் வரும். அப்புறம் அடுத்த கதிரையை எடுத்து வைப்பேன், தின்னர் வாசம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வாரம் தவறாமல் போய்வர வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கு மேலும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், நாங்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. என்னோடு வந்து இருந்துவிடு என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன். "ஒன் தின்னர் வாசத்துக்கு எனக்கு நுரையீரலும் சேர்ந்து போயிரும்டி" என்பாள். அவளுக்குத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் தன் லயமும், வாசலில் இருக்கும் மரக்கறிப் பாத்தியும் வேண்டும்.

மேல் டிவிஷனிலிருந்து பெரிய ரோட்டுக்கு வருகிற பாதைதான் கேடு. பாதை என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்கிறோம். மழைத் தண்ணீர் இறங்கும் வழியில் மனிதர்களும் இறங்குகிறார்கள், அவ்வளவுதான். கல்லும் சேறும், நடுவில் ஒரு வாய்க்கால். ஆட்டோக்காரர்கள் கீழேயே நின்றுவிடுவார்கள். நடக்க முடியாமல் போன பிறகு அக்காவை முதலில் கம்பளியில் தூக்கினார்கள். பிறகுதான் கதிரை வந்தது.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். அக்கா முடியாமல் போனதும் தோட்டத்துச் சங்கத்தில் எல்லாரும் சேர்ந்து, அப்போது பதவியில் இருந்த எங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் ரோடு கேட்பது என்று முடிவு செய்தார்கள். அவருடைய செயலாளர், "ஐயா நேர்ல வந்து கேட்டாத்தான் பெருசா செய்வாரு. ஒரு கூட்டம் வைங்க" என்றார். கூட்டம் வைக்கலாம், ஐயாவும் அவரோடு வருகிறவர்களும் உட்காரக் கதிரை இல்லையே என்றார்கள் எங்கள் ஆட்கள். "அதையும் கேட்டு ஒரு மனு குடுங்க" என்றார் செயலாளர். கொடுத்தார்கள். ரோடு கேட்டுக் கொடுத்த மனு எங்கோ போயிற்று. கதிரை கேட்டுக் கொடுத்தது பலித்துவிட்டது. வெள்ளைக் கதிரைகள் என் கைப்பட அச்சான பெயரோடு மலை ஏறின, தலைச்சுமையாக. பிறகு ரோட்டைப் பற்றிப் பேசப் போனபோது, "இந்த வருசம் ஒங்க தோட்டத்துக்குக் குடுத்தாச்சே" என்றார்கள். ரோடு கேட்க ஒரு மரியாதை வேண்டும் என்று கதிரை கேட்டவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

அந்தக் கதிரைகளில் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டினார்கள். டிவிஷனில் இருந்த நாலு இளவட்டங்கள் தூக்கினார்கள். குலுங்கினால் அக்காவுக்கு வாந்தி வரும். அதனால் அவர்கள் ஒரு நடை பழகிக்கொண்டார்கள். முன்னால் இருப்பவன் கல்லில் கால் வைக்கும்போது பின்னால் இருப்பவன் முழங்காலை மடக்குவான். வாய்க்காலைத் தாண்டும்போது நாலு பேரும் மூச்சை ஒன்றாக விடுவார்கள். அப்படி ஒரு நிதானம். பனிக்குள் அந்தக் கதிரை இறங்கி வருவதைக் கீழே ரோட்டில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் தூக்குகிறவர்களின் கால் தெரியாது. வெள்ளைக் கதிரையும் அக்காவின் சிவப்புச் சால்வையும் மட்டும் தேயிலைக்கு மேலாகத் தானாகவே மிதந்து வரும். அக்கா கண்ணை மூடியிருப்பாள்.

"தூங்கிட்டியாக்கா?" என்று கேட்டால், "தூங்கல. தண்ணிக்கு மேல போற மாதிரி இருந்துச்சு. நாம கடலே பாத்ததில்லயேடி, எனக்கு எப்புடி அது தெரியும்?" என்பாள். பதுளை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, மிச்சக் கனவையும் எல்ல என்ற ஊரைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வருவாள். அந்தப் பயணங்களை நான் வெறுக்கவில்லை. அக்கா முழுசாக எனக்குக் கிடைத்தது அந்த பஸ்ஸில்தான்.

மறுபடி தேர்தல் வந்தது. அதே ஐயா மறுபடி நின்றார். இந்த முறை விடக் கூடாது, அவரை மேல் டிவிஷனுக்கே வரவழைத்துப் பாதையைக் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஐயாவுக்கு முழங்கால் வலி. வாகனம் போகாத இடத்துக்கு வர முடியாது, கீழே தொழிற்சாலைப் பக்கம் கூட்டம் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

"நீங்க நடக்கவே வேணாங்க. நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்றார்கள் எங்கள் ஆட்கள்.

அந்த நாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரி நாள். காலையிலேயே ஐயாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கூட்டம் நடக்கும்போதே அக்காவைக் கீழே கொண்டுபோய்விடுவோம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். கூட்டத்தில் கட்டும் துணி பெனரை அச்சடித்தது நான். அதைக் கொடுத்துவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று முதல் நாளே மேலே போய்விட்டேன்.

அரசியல்வாதி எப்போது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்? அக்கா சேலை கட்டி, ஆஸ்பத்திரிக் கொப்பியைப் பையில் வைத்து, லயத்து வாசலில் காத்திருந்தாள். வெயில் வந்தது, போனது, பனி இறங்கியது. அவளுடைய கால் வீங்கியிருந்தது. பதுளையில் அவளுக்கான முறை தவறிவிடுமோ என்று பாதைப் பக்கமே எட்டி எட்டிப் பார்த்தேன். இறங்கிப்போய்ச் சத்தம் போடலாமா என்று நினைத்தேன். "இரு. ரோடு வரப்போகுதுல்ல" என்றாள் அவள். அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கடைசியில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து கதிரை மேலே வந்தது. ஐயா அதில் மாலையோடு உட்கார்ந்திருந்தார், தோளில் பளபளவென்று ஒரு பொன்னாடை. கதிரையின் முதுகில் அவருடைய பெயர், நான் அச்சடித்தது. திருவிழாவில் சாமி புறப்பட்டு வருவதைப் போலத்தான் இருந்தது. தூக்கியவர்கள் அக்காவைத் தூக்குகிற அதே நடையில், அதே நிதானத்தில் வந்தார்கள். வேறு நடை அவர்களுக்குத் தெரியாது. கிட்டே வந்ததும் பார்த்தேன், ஐயா தூங்கிப்போயிருந்தார்.

பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கட்டடத்தின் வாசலில்தான் கூட்டம். இறக்கி வைத்த பிறகு யாரோ மெதுவாகத் தொட்டு எழுப்பினார்கள். மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். உட்கார்ந்தபடியே பேசினார். சுற்றிப் பார்த்து, இவ்வளவு குளிர்ச்சியான இடத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்றார். பிறகு சொன்னார், "பாதை ரொம்ப மோசம், மோசம்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலையே. சுகமா வந்துட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. பாதையைக் காட்டவென்று கொண்டுவந்து, பாதையே தெரியாதபடி தூக்கி வந்திருந்தார்கள். தூக்கிய நாலு பேரின் முகத்தையும் பார்த்தேன். தோளில் மூங்கில் அழுத்திய இடம் சிவந்திருந்தது. கொஞ்சம் குலுக்கியிருக்கலாமே என்ற நினைப்பு அவர்களுக்கு அப்போதுதான் வந்ததைப் போல, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா எப்போது எழுந்து வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அவர் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. குரல் பெரிதாக இல்லை, ஆனால் மைக் திறந்திருந்ததால் மலை முழுக்கக் கேட்டது.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. அது நான் ஆஸ்பத்திரிக்குப் போற கதிர."

தப்படிப்பவர்கள் கையை நிறுத்திக்கொண்டார்கள். ஐயா அக்காவின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவரும் மனிதர்தான், உடனே எழுந்துவிட்டார். "ஒக்காருங்கம்மா" என்றார். இளவட்டங்கள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவை உட்கார வைத்தார்கள், தூக்கினார்கள், நடந்தார்கள். கூட்டமும் பின்னால் கிளம்பியது. என்ன செய்வதென்று தெரியாமல் தப்புக்காரர்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள். அக்கா தப்புச் சத்தத்தோடு பனிக்குள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையைச் செயலாளரின் தோளில் வைத்து, ஐயா நடந்தார். வாய்க்காலில் வழுக்கினார். கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது, மற்றதையும் கழற்றிவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. பாதை அன்றைக்குத்தான் தன் வாயாலேயே பேசியது.

கீழே வந்ததும் அவர் தன் ஜீப் ஒன்றைக் கொடுத்தார். தன் பொன்னாடையை எடுத்து அக்காவின் மேல் போர்த்திவிட்டார். அக்கா பதுளைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள், மெசினில் படுத்தாள், வீக்கம் இறங்கியது. ஜீப்புக்கு நான் நன்றியோடு இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். ஆனால் யாரோ ஃபோனில் எடுத்த படம் அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது. ஏழைத் தாயின் பின்னால் வெறுங்காலோடு நடக்கும் தலைவர் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள். எந்த பெனரும் அவருக்கு அந்த அளவு வேலை செய்திருக்காது. ஜெயித்துவிட்டார்.

தேர்தலுக்குப் பிறகு வேட்பாளர்கள் செலவுக் கணக்குக் காட்ட வேண்டுமாம். பெனருக்கு பில் வாங்க அவருடைய செயலாளர் என் கடைக்கு வந்தார்.

"அன்னைக்கு ஐயாவைத் தூக்கினாங்களே, அவங்களுக்கு எவ்வளவு குடுத்தோம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கல" என்றேன்.

"அப்ப அதை அன்பளிப்புன்னு போட்டுக்கிறேன்" என்றார்.

அச்சடித்துக்கொண்டிருந்த சட்டம் கையில் அப்படியே நின்றது. முதலாளி கொடுத்த பெயின்ட் வாளிகளுக்கும் டீசலுக்கும் பக்கத்தில், நாலு இளவட்டங்களின் தோள் ஒரு வரியாகப் போய் உட்காரப் போகிறது. முதலாளியின் அன்பளிப்பு சீக்கிரம் கதிரை வாங்கும் ஓடராகத் திரும்பி வந்துவிட்டது. இவர்களுடையது திரும்பவில்லை.

ரோட்டுக்காக எங்கள் பக்கத்து உள்ளூர் சபைக்காரர்கள் கொழும்புக்கே போனார்கள். ஐயா புதிதாகச் சேர்ந்திருந்த அமைச்சில் நேரில் கேட்டு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அங்கே ஐயாவின் ஆளைப் பார்க்க நம்முடைய சபைக் காசில் வான். பெட்டிகளில் வெலிமடை லீக்ஸும் கரட்டும். மேலேயிருந்து கீழே வரை எல்லாருக்கும் போர்த்தப் பொன்னாடைகள், அவையும் சபைக் காசுதான். பின்னேரம் திரும்பி வந்தவர்களிடம் கேட்டால், நல்லபடியாகப் பேசினோம், இன்னொரு தரம் போக வேண்டும் என்றார்கள். இன்னொரு தரமும் போனார்கள். ரோட்டைக் கேட்கப் போன காசை ஓரிடத்தில் கொட்டியிருந்தால் வாய்க்காலுக்கு மேல் ஒரு பாலமாவது வந்திருக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் இஞ்சி டீயை ஊதினார். "கேக்குறதுக்குத் தனியா காசு ஒதுக்கலாம் தங்கச்சி. கட்டுறதுக்கு ஒதுக்குறதுதான் கஷ்டம்" என்றார்.

ஒரு நாள் காலை முன்கடையிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. புதுச் சக்கர நாற்காலி, கறுப்பு ரெக்ஸின் முதுகு. ஐயா அந்தத் தாயை மறக்கவில்லை, தன் ஒதுக்கீட்டிலிருந்து வாங்கிக் கொடுக்கிறார் என்றார்கள். மேலே பெயர், கீழே அன்பளிப்பு. ரெக்ஸினில் மை லேசில் காயாது. விசிறியைப் போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தேன். என் அறையின் சிமெந்துத் தரையில் அது சத்தமே இல்லாமல் உருண்டது. தின்னர் வாசத்தில் ஒரு நொடி எனக்கு எல்லாம் தெரிந்தது, மேல் டிவிஷனிலிருந்து பெரிய ரோடு வரை வழுவழுவென்று ஒரு பாதை, அக்கா தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு தேயிலைக்கு நடுவே இறங்கி வருகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

அதைக் கொண்டுபோகிற லொறியிலேயே நானும் போனேன், அன்றைக்கும் ஆஸ்பத்திரி நாள் என்பதால். பெரிய ரோட்டில் லொறி நின்றுவிட்டது. இளவட்டங்கள் மூங்கிலோடு வந்திருந்தார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தார்கள். முதல் கல்லிலேயே முன் சக்கரம் மாட்டிக்கொண்டது. மூங்கிலை இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினார்கள், நாலு பேரும் குனிந்து தோள் கொடுத்தார்கள். பழகிய அதே நடையில், கொஞ்சமும் குலுங்காமல், யாரும் உட்காராத சக்கர நாற்காலி மலை ஏறியது. சக்கரங்கள் காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டே போயின. நான் பின்னால் நடந்தேன். எனக்கு எதிரே பனிக்குள் தெரிந்ததெல்லாம் நான் அச்சடித்த பெயர் மட்டும்தான்.

அக்கா சேலை கட்டி, பையோடு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கினார்கள். அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தூக்கி வந்தவர்களைப் பார்த்து, "ஏன்டா, இதாலயும் நடக்க முடியலயா?" என்று கேட்டாள்.

அவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அக்கா சுவரைப் பிடித்து எழுந்து போய்த் தன் பழைய கதிரையில் உட்கார்ந்தாள். மூங்கிலைச் சக்கர நாற்காலியிலிருந்து அவிழ்த்துக் கதிரையில் கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு நேரமாகியிருந்தது.